காய்ச்சல் வரிசை

வட்டத்துக்குள் நிற்கச் சொன்னார்கள், நின்றாள். சுண்ணாம்பால் போட்ட வட்டம், யாரோ அவசரமாகப் போட்டிருக்கவேண்டும், ஒரு பக்கம் முட்டை மாதிரி நீண்டிருந்தது, அந்த நீண்ட பக்கத்தில் காலை வைத்துக்கொண்டால் ஆஸ்பத்திரிப் பந்தலின் நிழல் தோள் வரைக்கும் கிடைக்கிறது என்று மணிமொழி கண்டுபிடித்திருந்தாள், இதைக் கண்டுபிடித்து என்ன ஆகப்போகிறது என்றும் நினைத்தாள், ஆனாலும் காலை அங்கேயேதான் வைத்திருந்தாள். கத்திரி வெயில். அப்பாவின் முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்திருந்தாள், அதில் அவர் சுமை தூக்குகிற மண்டியின் வாழைக்கறை வாடை, வியர்வை இடது கையில் இறங்கி, சட்டைக்கு உள்ளே அம்மாவின் பழைய சேலையைக் கிழித்துச் சுற்றிய கட்டில் ஊறி, அங்கே எரிந்தது. எரிந்தால் எரியட்டும். எரிவது ஒரு வகையில் நல்லது, எரியும்போது வேறு எதையும் நினைக்கவேண்டியதில்லை, இல்லை, அப்படி நினைக்கக் கூடாது, அப்படி நினைத்துத்தான் காலையில் அது நடந்தது. அவளுக்கு முன்னால் வட்டத்துக்கு ஒருவராக நின்றார்கள், கடைசி வட்டத்துக்கு அப்பால் ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் தலை முதல் கால் வரை வெள்ளை உறை போட்ட ஒரு நர்ஸ். அந்த நர்ஸ் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார், காய்ச்சல் எத்தனை நாளா, பிறகு மூக்கில் குச்சி விட்டார்கள், பிறகு மூச்சு வாங்குகிறவர்களை உள்ளே அனுப்பினார்கள், மற்றவர்களை மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. அந்த மேசைக்கு அவளும் போய்ச் சேர்வாள், அவளிடமும் கேட்பார்கள். காய்ச்சல் என்று சொன்னால் மாத்திரையோடு வீட்டுக்குப் போகலாம், அதே அறைக்கு, அதே கதவுக்கு. சொல்லாவிட்டால், கையில் இருப்பது நானாகச் செய்துகொண்டது என்று சொல்லவேண்டும். அவளுக்குக் காய்ச்சல் இல்லை. அது அவளுக்கும், கூட வந்தவர்களை மறித்துக் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கிற அப்பாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

காய்ச்சல் என்ற சொல்லை முதலில் சொன்னது அப்பாதான், ஆனால் பொய் சொல்லவேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. அவளை வண்டியின் பின்னால் உட்காரவைத்து, சட்டையை மாட்டி, பொத்தான் போட்டுவிட்டுக் கிளம்பினார், ஊரடங்குக்காகச் சாலையில் இரும்புத் தடுப்பு வைத்திருந்தார்கள், போலீஸ்காரர் லத்தியை நீட்டி, "எங்கய்யா கெளம்பிட்ட, ஊர்வலமா?" என்று கேட்டார். ஆஸ்பத்திரிக்கு என்றார் அப்பா. என்னத்துக்கு என்றார் அவர். அப்பா திரும்பி மணிமொழியைப் பார்த்தார், நீ சொல்லு என்பதுபோல, அவள் சொல்லவில்லை, அவளால் முடியவில்லை. அப்போதுதான் அப்பா, "காய்ச்சல் சார், பிள்ளைக்குக் காய்ச்சல்" என்றார். போலீஸ்காரர் இரண்டு எட்டு பின்னால் போனார். தடுப்பை லத்தியாலேயே தள்ளிவிட்டு, போ போ போ என்றார். அவ்வளவு பெரிய தடுப்பு அந்த ஒரு சொல்லுக்கு நகர்ந்தது. அப்பாவின் முதுகு கொஞ்சம் நிமிர்ந்ததை அவள் பார்த்தாள். பாலத்தின்மேல் போகும்போது அம்மா போன் செய்தாள், விடிவதற்கு முன்பே தெருக்கூட்டப் போயிருந்தவளுக்கு வீடு பூட்டிக் கிடக்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "பாப்பாவுக்குக் காய்ச்சல், பஞ்சவர்ணம், ஆஸ்பத்திரிக்குப் போய்க்கிட்டிருக்கோம்" என்றார் அப்பா, இப்போது தடுமாறாமல். அம்மா அழுதது காற்றோடு பின்னால் வரைக்கும் கேட்டது. அம்மா கூட்டுகிற தெருக்களில் வாரத்துக்கு ஒரு வீட்டு வாசலைத் தகரம் அடித்து மூடுகிறார்கள், நேற்று வரை வாசலில் நின்று குப்பை கொடுத்தவர்கள் இன்று இல்லை, அம்மாவைப் பொறுத்தவரை காய்ச்சல் என்றால் ஒரே அர்த்தம்தான். பிறகு ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி, "இப்ப எல்லாம் கொரோனாதான், மத்ததுக்கு ஆளில்ல, காய்ச்சலா, வேற எதுவுமா?" என்று கேட்டார். அவர் கேட்டது வேறு கட்டடத்துக்கு வழி சொல்வதற்காகக்கூட இருக்கலாம். ஆனால் அப்பா அதற்குள் அந்தச் சொல்லில் பழகியிருந்தார். காய்ச்சல்தான்யா என்றார். கயிற்றுக்கு இந்தப் பக்கம் அவளை அனுப்பினார்கள், அந்தப் பக்கம் அவரை நிறுத்தினார்கள். போகும்போது அவள் காதுப்பக்கம் குனிந்து, "தாயி, இங்கேயே கையையும் பாத்துருவாக. வேற எதுவும் சொல்லாத. கேஸாயிரும். போலீசு வரும்" என்றார்.

இதற்கு முன்னால் எந்த ஆபீசிலும் அப்பா பேசியதில்லை. அதுதான் அவளை வாய் திறக்கவிடாமல் வைத்திருந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து அவள்தான் பேசுவாள். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க, சாதிச் சான்றிதழ் வாங்க, பேங்கில், கரண்ட் ஆபீசில், எல்லா இடத்திலும் அப்பா துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு அடி பின்னால் நிற்பார், அவள் ஜன்னலுக்கு முன்னால் குதிகாலைத் தூக்கி நிற்பாள், உள்ளே இருப்பவர், "என்ன பாப்பா, அப்பாவுக்கு வாய் கிடையாதா" என்று கேட்பார், அப்பா சிரிப்பார், "அதுதான் சார் படிக்குது, அது சொல்லும்" என்பார். அதில் அவருக்கு வெட்கம் இருந்ததாக அவளுக்குத் தோன்றியதே இல்லை, பெருமைதான் இருந்தது, வாழைத்தார் சுமக்கிற தோள் அவருக்கு, பேசுகிற வாய் அவளுக்கு, வீட்டில் அப்படிப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். யார் எதைக் கேட்டாலும் அவளிடம் பதில் இருக்கும், இல்லாவிட்டால் நாளைக்குள் பதிலைத் தெரிந்துகொண்டு வருவாள், தெருவில் உள்ளவர்களுக்கும் அவள்தான் போய்ப் பேசினாள். கல்லூரியில் சேரும்போதும் அப்படித்தான், ஹாஸ்டலிலும் அப்படித்தான், சென்னையில் வேலைக்கு நேர்முகத்துக்குப் போனபோது மட்டும் ஒரு கேள்விக்குப் பதில் தெரியவில்லை, உங்கள் பலவீனம் என்ன என்று கேட்டார்கள், அவள் எதுவுமில்லை என்றாள், அவர்கள் சிரித்தார்கள், வேலையும் கொடுத்தார்கள். இன்றைக்கு அவள் வாய் அடைத்துப் போன நாளில் அப்பா பேசிவிட்டார். முதல்முறையாக ஒரு தடுப்பை, ஒரு வாசலை அவராகத் திறந்திருக்கிறார். அதைப் போய்ப் பொய் என்று எப்படிச் சொல்வது? அவரை எல்லார் முன்னாலும் எப்படி விட்டுக்கொடுப்பது? கயிற்றுக்கு அந்தப் பக்கம் அவர் புங்கமரத்தடியில் நின்றார், முகக்கவசத்தை மூக்குக்குக் கீழே இறக்கிவிட்டு, அவள் பார்க்கிறாள் என்றதும் மேலே ஏற்றிக்கொண்டார், ஏற்றச் சொல்லிச் சொல்லி அவளேதான் பழக்கியது.

பொய் அவருடையது மட்டுமா என்ன. கொரோனா வந்ததிலிருந்து சென்னை வேலையை வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள், பொங்கலுக்கு முன்னால் ஒரு மதியம் போனில் அவளை வேலையை விட்டு எடுத்தார்கள், பேசிய பெண் மிகவும் மரியாதையாகப் பேசினாள், உங்கள் எதிர்காலத்துக்கு வாழ்த்துகள் என்றாள், அப்போது அம்மா அடுப்பில் குழம்பை இறக்கிக்கொண்டு, "யாரு, ஆபீசா?" என்று கேட்டாள், மணிமொழி, ஆமாம்மா என்றாள். ஆமாம் என்று சொன்னது பொய்யில்லை, ஆபீஸ்தானே. அப்படித்தான் தொடங்கியது. நாளைக்குச் சொல்லலாம் என்று வைத்தாள். மறுநாள் வழக்கம்போல லேப்டாப்பைத் திறந்து காதில் ஹெட்செட் மாட்டி உட்கார்ந்தாள், இன்னொரு வேலை தேடிவிட்டு இரண்டையும் சேர்த்துச் சொல்லலாம் என்று. வேலை எங்கே இருந்தது, இருக்கிறவர்களையே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சம்பளத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், கொரோனா முடிந்ததும் மொத்தமாகத் தருவார்கள் என்றாள், அப்பா, "எல்லாருக்கும்தானே கஷ்டம்" என்றார். ஒரே அறை, நடுவில் ஒரு சேலைத் திரை. திரைக்கு அந்தப் பக்கம் அம்மா நடப்பதுகூடக் கேட்காது, மகள் பேசுகிற நேரம் என்று குக்கர் வைக்கமாட்டாள், மிக்சி போடமாட்டாள், தும்மல் வந்தால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே ஓடுவாள். பக்கத்து வீட்டு ராசாத்தியிடம், "சத்தம் போடாத, பாப்பா வெளிநாட்டுக்காரகிட்ட பேசிக்கிட்டிருக்கு" என்று வாசலில் கிசுகிசுப்பது கேட்கும். அவ்வளவு பெரிய மௌனத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது, பேசித்தானே ஆகவேண்டும். அவள் பேசினாள். பழைய வாடிக்கையாளர்களிடம் சொன்னதையே ஆங்கிலத்தில் சொன்னாள், உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறேன் என்றாள், விவரத்தைப் பார்த்துச் சொல்கிறேன், சற்று லைனில் காத்திருங்கள் என்றாள், சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். காதில் ஒன்றும் இருக்காது, தன் ரத்தம் ஓடுகிற சத்தம் மட்டும். யாருமில்லாத ஒருவரைக் காக்கவைத்துவிட்டுத் தானும் காத்திருப்பது, ஒவ்வொரு நாளும், மாலை வரை. மாலையில் அம்மா டீ கொண்டுவந்து வைத்து, "தொண்டை காஞ்சிருக்கும், குடி" என்பாள். அந்த டீயைத்தான் அவளால் தாங்கமுடியவில்லை. டீயில் ஏலக்காய் தட்டிப் போட்டிருப்பாள்.

"இது என்ன தங்கச்சி, ராட்டினத்துக்கு நிக்கிற மாதிரி வரிசையில விட்டுட்டாங்க?" என்று முன்வட்டத்துக்காரர் திரும்பிப் பார்த்துச் சொன்னார். நடுவயது, தலையில் ஈரத்துண்டு, பேசும்போது மூச்சு இரைத்தது. "ஏறினதும் சுத்துமா, சுத்திட்டு இறக்கிவிடுமா, ஒண்ணும் தெரியல." இருமினார், இருமி முடித்துச் சிரித்தார். உனக்கு எப்போதிலிருந்து என்று கேட்டார். அவள் பதில் சொல்லாமல் தலையை ஆட்டினாள், அது எந்தப் பதில் என்று அவளுக்கே தெரியவில்லை. "பயப்படாத. சின்ன வயசு, ஒன்னையெல்லாம் ஒண்ணும் செய்யாது. பொழச்சுக்குவ" என்றார் அவர். பிழைப்பதற்கு இவ்வளவு ஆசையாக ஒருவர் வெயிலில் நின்றுகொண்டு, அந்த ஆசையில் அவளுக்கும் கொஞ்சம் பங்கு கொடுக்கிறார், அவள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டாள். அவளுக்குள் ஒரு மூலையில் வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்ததை இவரிடம் சொல்லமுடியுமா? இந்தக் காய்ச்சல் உண்மையாகவே வந்துவிட்டால் எவ்வளவு நல்லது என்று அந்த மூலை சொல்லிக்கொண்டிருந்தது. காய்ச்சல் கௌரவமானது. ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள், எல்லாருக்கும் வந்தது இவளுக்கும் வந்தது, பாவம், படித்த பிள்ளை என்பார்கள், அப்பா தலைநிமிர்ந்து அழலாம். அந்தக் குரல் இதமாகப் பேசியது, வேலையை விட்டு எடுத்த அந்தப் பெண்ணைப்போல மரியாதையாக. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. காலையில் நடந்தபோதுகூட இவ்வளவு பயம் இல்லை, காலையில் ஒன்றுமே இல்லை, அந்தக் குரல் இன்னும் போகவில்லை, கட்டுப்போட்டு மூடி, சட்டை மாட்டி மூடி, காய்ச்சல் என்று மூடியபிறகும் அது உள்ளே வசதியாக உட்கார்ந்திருக்கிறது. மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்புவார்கள். நாளைக் காலையில் அம்மா தெருக்கூட்டப் போவாள், அப்பா மண்டிக்குப் போவார், கதவு சாத்தியிருக்கும். அந்தக் குரலும் அவளும் இருப்பார்கள். முன்னால் நின்றவர் அடுத்த வட்டத்துக்குப் போனார், அவள் அவருடைய வட்டத்துக்குப் போனாள், அது இன்னும் அவர் உடம்புச் சூட்டோடு இருப்பதுபோல இருந்தது. யாராவது வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டால் தேவலை. யாரும் இழுக்கமாட்டார்கள், யாரும் யாரையும் தொடக்கூடாது என்று எழுதி ஒட்டியிருந்தது. சொல்லவேண்டியது ஒரு வாக்கியம். ஊருக்கெல்லாம் எத்தனை வாக்கியம் பேசியிருக்கிறாள். அந்த ஒன்றை உள்ளே அமைத்துப் பார்த்தாள், எனக்கு, எனக்கு என்று தொடங்கியது, அதற்குமேல் போகவில்லை, தன்னைப்பற்றித் தொடங்குகிற வாக்கியம் எதையும் எந்த ஜன்னலிலும் அவள் சொன்னதில்லை.

மேசை வந்துவிட்டது. "பேரு? காய்ச்சல் எத்தனை நாளா?" என்றது வெள்ளை உறை, கண்ணாடிக்கு உள்ளே ஆவி படிந்து கண் தெரியவில்லை. நெற்றிக்கு நேரே சூடு பார்க்கிற கருவியை நீட்டினார்கள், அது பீப் என்றது. "காய்ச்சலே இல்லையேம்மா. இருமல்? தொண்டை? மணம் தெரியுதா?" எல்லாம் தெரிகிறது. வாழைக்கறை தெரிகிறது. "எதுவுமில்லன்னா எதுக்கு இந்த லைன்ல வந்து நிக்கிற? இலவசமா மாத்திரை குடுக்கிறாங்கன்னு வாங்கிட்டுப் போலாம்னா? படிச்ச பிள்ளைதானே?" பின்னால் யாரோ சிரித்தார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அப்பா, "ராத்திரி கொதிச்சுது சிஸ்டர், கண்ணு முழிக்கல, நெருப்பாக் கொதிச்சுது" என்று கூவினார், அவ்வளவு சரளமாக அவர் பேசி அவள் கேட்டதே இல்லை, பொய் அவருக்கு வாயைக் கொடுத்திருந்தது, அவளுக்கு அழுகை வந்தது. "நீ சொல்லும்மா" என்றார் நர்ஸ். மணிமொழி சட்டைப் பொத்தானைக் கழற்றினாள். ஒரு கையால் கழற்ற நேரம் பிடித்தது, நர்ஸ் அவசரப்படுத்தவில்லை, எதையோ கண்டுகொண்டதுபோல அசையாமல் நின்றார். கட்டு வெளியே தெரிந்தது, சேலையின் பூப்போட்ட பக்கம், ஈரமாக. "காய்ச்சல் இல்ல சிஸ்டர்" என்றாள் மணிமொழி. "எனக்கு நானே செஞ்சுக்கிட்டேன்." அப்பா, "தெரியாமப் பட்டுருச்சு சிஸ்டர்" என்றார். "இல்லப்பா" என்றாள் அவள், திரும்பாமல், "தெரிஞ்சுதான்." நர்ஸ் மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தார். குரல் வேறு ஆளின் குரலாகியிருந்தது. "இத முதல்லயே சொல்லக்கூடாதா கண்ணு. இந்தக் கூட்டத்துல கொண்டுவந்து நிக்க வச்சுட்டாரே மனுசன். வா." முழங்கைக்கு மேல் அவளைப் பிடித்தார். இரண்டு அடுக்குக் கையுறைக்குள்ளிருந்து ஒரு கை, உறைக்கு மேலேயும் பிடித்தது பிடித்ததாகவே இருந்தது.

காயத்தைக் கழுவித் தைத்த இடத்தில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை, வலித்தால் சொல்லு என்றார்கள், அவ்வளவுதான். அதன்பிறகு வண்டி நிறுத்தும் கொட்டகைக்குக் கூட்டிப்போனார்கள். மனநலப் பிரிவின் கட்டடத்தைக் கொரோனாவுக்கு எடுத்துக்கொண்டதால் அந்த டாக்டர் போன வருஷத்திலிருந்து கொட்டகையில்தான் உட்காருகிறார், ஒரு மேசை, தள்ளித்தள்ளி நாற்காலிகள், தகரக்கூரை வெயிலில் டப்டப்பென்று அடித்துக்கொண்டது. டாக்டரம்மாவுக்கு முப்பது வயதுக்குமேல் இருக்காது, அவரும் இருமினார், இருமிவிட்டு, "எனக்கு வந்துபோயிருச்சு, பயப்படாத" என்றார். அப்பா கொட்டகையின் தூணுக்குப் பக்கத்தில் நின்றார், துண்டு கைக்கு வந்திருந்தது, ஒரு அடி பின்னால். போலீசு என்று மட்டும் சொன்னார். "பேர் எழுதுவாங்க, சட்டம் அப்படி. யாரும் உங்க பிள்ளையப் புடிச்சுட்டுப் போகமாட்டாங்க. அது குத்தம் செய்யல, அதுக்கு ஒடம்பு சரியில்ல. நீங்க கூட்டிட்டு வந்ததுதான் சரி" என்றார் டாக்டரம்மா. இதற்கு முன்னால் எப்போதாவது என்று அவளிடம் கேட்டார். அவள் யோசித்துப் பதில் சொன்னாள். வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டார். வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை மேடம், வேலை போய்விட்டது என்றாள், பொங்கலுக்கு முன்னாலேயே போய்விட்டது என்றாள், சொல்லச்சொல்ல அது எவ்வளவு சின்ன விஷயமாக இருக்கிறது என்று வெட்கமாக இருந்தது, இதற்காகவா என்று கேட்டுவிடுவாரோ என்று பார்த்தாள், அவர் கேட்கவில்லை. தூணுக்குப் பக்கத்திலிருந்து அப்பா ஒரு அடி முன்னால் வந்தார். "அப்ப," என்றார், "அப்ப யாருகூடத் தாயி பேசிக்கிட்டிருந்த?" அவள், "யார்கூடவும் இல்லப்பா" என்றாள். அவர் அதைக் கேட்டுவிட்டு வண்டிகளைப் பார்த்தார், வரிசையாக நின்ற வண்டிகளை ஒவ்வொன்றாக, தேடுகிறவர்போல. "இப்பவும் தோணுதா?" என்று டாக்டரம்மா மெல்லக் கேட்டார், "உண்மையச் சொல்லு, எது சொன்னாலும் எனக்குக் கோவம் வராது." அப்பா இங்கேதான் இருக்கிறார், அவர் காதில் விழும், இல்லை என்று சொல்லிவிட்டால் அவருக்கு இன்று ராத்திரி தூக்கம் வரும். "தோணுது மேடம்" என்றாள். டாக்டரம்மா தலையாட்டினார், சொன்னது நல்லது என்றார், இன்றைக்கு வீட்டுக்குப் போகவேண்டாம், பெண்கள் வார்டின் ஓரத்தில் சில படுக்கைகள் எங்களுக்கு விட்டிருக்கிறார்கள், காய்ச்சல்காரர்கள் பக்கமில்லை, நானும் சிஸ்டர்களும் வந்து பார்த்துக்கொண்டே இருப்போம், அம்மா கூட இருக்கட்டும், வரச்சொல்லுங்கள் என்றார்.

அம்மாவை வரச்சொல்லவேண்டும். அப்பா போனை எடுத்து, பழக்கத்தில் அவளிடம் நீட்டினார். அவளும் பழக்கத்தில் வலது கையை நீட்டினாள், வாக்கியங்கள்கூட வந்து நின்றுவிட்டன, அம்மா பயப்படாதே, சும்மா ஒரு நாள் பார்த்துவிட்டு அனுப்புவார்கள், எந்தச் சொல்லை முதலில் வைத்தால் அம்மா அழமாட்டாள் என்பது அவளுக்குத் தெரியும். கையை இழுத்துக்கொண்டாள். "என்னால முடியலப்பா," என்றாள், "நீ பேசு." அவர் போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். எண்களைத் தடவித்தடவி அழுத்தி, சத்தம் பெரிதாக வைத்திருந்த அந்தப் போனைக் காதில் வைத்தார். ஒரே மணியில் அம்மா எடுத்துவிட்டாள், என்ன சொன்னாங்க, என்ன சொன்னாங்க என்று அவள் கேட்பது நாற்காலி வரைக்கும் கேட்டது. "பஞ்சவர்ணம்," என்றார் அப்பா. "பாப்பாவுக்குக் காய்ச்சல் இல்ல." ஐயோ என் தாயே என்று அம்மா கத்தினாள், சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை, பக்கத்தில் யாரிடமோ, இல்லையாம், கொரோனா இல்லையாம் என்று சொன்னாள், அங்கே இன்னும் இரண்டு பெண்களின் குரல் கேட்டது, நான்தான் சொன்னேனே என்று ஒருத்தி சொன்னாள், அம்மா மறுபடி போனுக்கு வந்து, வரும்போது இளநீர் வாங்கிக் குடு, பச்சைப்பிள்ளை வெயில்ல நின்னுருக்கும், என்ன சமைக்கட்டும், கேட்டுச் சொல்லு என்றாள். அப்பா மகளைப் பார்த்தார். அவள் பார்வையை விலக்கவில்லை. அம்மா அங்கே சிரித்துக்கொண்டே மூக்கை உறிஞ்சினாள், அவ்வளவு நாளாக அடக்கி வைத்திருந்த சத்தமெல்லாம் சேர்ந்து வந்ததுபோல விடாமல் பேசிக்கொண்டே இருந்தாள், அவள் மூச்சு வாங்கி நிறுத்தும்வரை அப்பா காத்திருந்தார். பிறகு, "கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளி வா, அவுகளை விட்டுட்டு" என்றார். "வந்துட்டியா? உக்காரு. உக்காந்துக்கிட்டுக் கேளு."